ஆள்தான் வேணும்

மாதத்துக்கு ஒருமுறை பூசை வைக்க வரும் பாதிரியார் ஒருநாள் எங்கள் குவாட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளிடம் கேட்டார்.

"பிள்ள, நீ செபமாலை சொல்லுறதில்லையாம். மன்றாட்டுக்கும் வாய் திறக்கிறதில்லையாம். ஆண்டவரிட்டக் கேக்க உனக்கு ஒண்டுமே இல்லையா?"

அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"கேக்கிறதுக்கு ஒண்டுமில்ல ஃபாதர். எனக்கு ஆள்தான் வேணும்."

பாதிரியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். போகும்போது என் பக்கமாகக் குனிந்து, "டீச்சர், இவவக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் அவள் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. நான் அதே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். யுத்தம் மூண்ட பிறகு அந்தப் பக்கம் வேலைக்கு வர யாரும் சம்மதிக்காததால், வந்த இரண்டு பெண்களுக்கும் சேர்த்து இரண்டு அறை வீடொன்றைக் கொடுத்திருந்தார்கள். ஊரார் அவளை மிஸ்ஸி என்றார்கள். என்னை டீச்சர் என்றார்கள். நாங்களும் ஒருவரையொருவர் அப்படியே கூப்பிட்டோம். ஏழு வருடம் அவளோடு 'நீங்க' போட்டுத்தான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றே வருகிறது.

விடியற்காலையில் எழுந்து முகம் கழுவிவிட்டு, வெறும் நிலத்தில், சுவரைப் பார்த்தபடி அரை மணித்தியாலம் இருப்பாள். சுவரில் படமில்லை, சிலுவையில்லை, முன்னால் மெழுகுதிரியும் இல்லை. அதை அவள் செபம் என்று சொல்வதில்லை. "கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்" என்பாள். எங்கள் வீட்டில் 'இருக்கிறது' என்றால் அதுதான். நான் பிள்ளையாருக்கு ஒரு துண்டுக் கற்பூரம் கொளுத்திவிட்டு அதோடு என் கடமை முடிந்ததென்று நினைக்கிறவள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"அந்த நேரம் என்ன நினைப்பீங்க மிஸ்ஸி?"

"ஒண்டையும் நினைக்காம இருக்கப் பாக்கிறன்."

"பிறகு?"

"பிறகென்ன. வந்தா வருவார்."

அதுவரைக்கும் அவர் வந்தது ஒரேயொரு முறை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய அப்பாவுக்கு வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஆலைக்கு வெளியே குவித்திருந்த வைக்கோலின் நிழலில் சற்று இருந்திருக்கிறாள். கடதாசிக்காக லொறி லொறியாக வந்து இறங்கும் வைக்கோல் அது. மழையில் நனைந்து அவிந்து நாறிக்கொண்டிருந்ததாம்.

"மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருந்தனான். பிறகு பொத்தினதை மறந்துபோனன்" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு எப்போதும் சொல் போதவில்லை. "என்னை முழுசாத் தெரிஞ்ச ஆரோ பக்கத்தில வந்து இருந்தமாதிரி. இல்ல, பக்கத்தில இல்ல. எப்படிச் சொல்லுற? பயம் எண்டா எப்படி இருக்குமெண்டு மறந்துபோச்சு டீச்சர். அம்மா செத்து அப்ப ரெண்டு மாசம். அம்மாட நினைப்பு வந்தது. வலிக்கல்ல."

பத்து நிமிடம் இருக்கும் என்றாள். ஆலைச் சங்கு ஊத எழுந்து வீட்டுக்குப் போய், ஆறு வயதுத் தம்பிக்குச் சோறு போட்டிருக்கிறாள். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அதற்குப் பிறகு தேடிக்கொண்டிருந்தாள்.

அப்பா இருந்த காலத்தில் கன்னியர் மடத்தில் ஒரு வருடம் இருந்து பார்த்தாள். மயங்கி விழும்வரை உபவாசம் இருந்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தவக்காலம் முழுவதும் விடிய முன் வாவிக்குள் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். சாக நிற்கிறாளென்று நினைத்து மீன்பிடிக்கப் போனவர்கள் தோணியில் தூக்கிப் போட்டுக் கரைசேர்த்தார்கள்.

மட்டக்களப்பு டவுனில் ஒரு தகரக் கொட்டகையில் நடந்த செபக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப்பேர் யாரையாவது பறிகொடுத்தவர்கள். போதகர் தலையில் கை வைக்க வைக்க ஆட்கள் சரிந்து விழுந்தார்கள், அழுதார்கள், விளங்காத பாஷையில் பேசினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் என் கால்மேலேயே விழுந்தாள். போதகர் மிஸ்ஸியின் தலையிலும் கை வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

திரும்பும்போது பாதையில் வைத்து அழுதாள். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். சைக்கிள்களுக்கும் நெல்மூட்டைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, முகத்தை மறைக்காமல் அழுதாள்.

"ஆண்டவர் எல்லாரையும் தொட்டவர். என்னட்ட வந்து தாண்டிப் போயிட்டார்."

"அவங்க நடிக்கிறாங்க மிஸ்ஸி."

"நடிச்சாலும் பரவாயில்லயே. எனக்கு நடிக்கக்கூட வருதில்ல."

இதையெல்லாம் கேட்டு அவளை ஒரு சாதுவாக நினைத்துவிடக் கூடாது. ஒரு விடியலை நான் மறக்கவில்லை. வயல்வட்டைக்கு அப்பாலிருந்து ஒரு மனிதர் ஓடிவந்து கதவைத் தட்டினார். மனைவிக்கு நோ கண்டு தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டதாம். மிஸ்ஸி சுவரைப் பார்த்தபடி இருந்தாள். நான் கூப்பிட்டேன். அசையவில்லை. தோளில் தட்டினேன். கண் திறந்துதான் இருந்தது. எழும்பவில்லை. அவர் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் பறந்தாள். அவள் போய்ச் சேர முன்னரே பிள்ளை பிறந்து, தாய்க்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஊசி போட்டு, வயிற்றைப் பிசைந்து, அரும்பாடுபட்டு நிறுத்தினாள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

மத்தியானம் வந்து உடுப்புத் தோய்க்கும் கல்லில் இருந்தாள்.

"கேட்டது டீச்சர். நீங்க கூப்பிட்டதும் கேட்டது, அந்த மனிசன் அழுததும் கேட்டது. ஆனா ஏதோ கிட்ட வந்தமாதிரி இருந்தது. கதவுக்கு அங்கால நிக்கிறமாதிரி. இன்னுமொரு அஞ்சு நிமிசம், இன்னுமொரு அஞ்சு நிமிசம் எண்டு இருந்திட்டன்." கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்தப் பிள்ள செத்திருந்தாலும் எனக்கு அந்த நேரம் நோகாது. அதுதான் பயமாயிருக்கு."

அன்றுதான் பாதிரியார் எதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்று எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

அவளுடைய தம்பி டவுனில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தான். அப்பாவும் போனபிறகு அவன்தான் அவளுக்கு இருந்த ஒரே உறவு. சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, இருபத்திரண்டு வயதுவரை அவள் வளர்த்தெடுத்த பிள்ளை. ஞாயிறுகளில் மீன் வாங்கிக்கொண்டு பாதையேறி வருவான். வந்ததும் எங்கள் இரண்டு பேருடைய சைக்கிள்களையும் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றிப் பார்ப்பான். அக்காவைச் சீண்டுவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

"என்னக்கா, உங்கட ஆள் வந்தவரா?"

"இன்னும் வரல்ல."

"ரோட்டு மூடியிருப்பாங்க. ஆமி சென்றியில மறிச்சிருப்பாங்க."

அவள் அகப்பையால் அடிக்க வருவாள்.

ஒரு காலை டவுனில் அவனிருந்த தெருவை ஆமிக்காரர் சுற்றிவளைத்தார்கள். ஆண்களையெல்லாம் ஒரு மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். முகம் மூடிய தலையாட்டி ஒருவன் ஜீப்பில் இருந்தான். அவன் யாருக்குத் தலையை ஆட்டுகிறானோ அவர்களைத் தனியே எடுத்தார்கள். தம்பிக்கும் ஆட்டினான். சைக்கிள் கடைக்காரர்தான் பாதையேறி வந்து சொன்னார். மிஸ்ஸி கிளினிக்கில் ஒரு குழந்தையை நிறுத்துக்கொண்டிருந்தாள். நிறையைக் கொப்பியில் எழுதி முடித்துவிட்டு, குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதற்குப் பிறகு வேலை இல்லாத நேரமெல்லாம் அவனைக் கொண்டுபோன இராணுவ முகாமின் வாசல்தான். டவுன் பக்கத்தில், பிரதான வீதியோரம் இருந்தது அந்த முகாம். அதற்கு எதிரே ஒரு வேம்பு. அதன் கீழே இருபது இருபத்தைந்து பெண்கள் தினமும் வந்து இருப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். எனக்கு எழுத்து வருமென்பதால் எல்லோருடைய மனுக்களையும் நானே எழுதினேன். பெயர், வயது, பிடித்த இடம், உடுத்திருந்த உடுப்பின் நிறம். வாங்கிக்கொள்வார்கள். பதில் வராது.

வீட்டில் அவள் 'இருப்பதை' விட்டுவிட்டாள். விடியும்போதே ரேடியோவைத் திருப்பிவிடுவாள். பாட்டோ செய்தியோ விளம்பரமோ, ஏதாவது சத்தம் வேண்டும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குளிப்புக்குப் போகிற பெண்களைக் கூப்பிட்டு வாய் ஓயாமல் கதைப்பாள். அமைதியான மனுசி இப்படி ஆகிவிட்டாள். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அவரோட கோவமா மிஸ்ஸி?"

"கோவமில்ல. பயம்." ரேடியோவின் சத்தத்தைக் குறைக்காமலே சொன்னாள். "இப்ப வந்திட்டாரெண்டா என்ன செய்யிற? வந்தா மனம் ஆறிரும். அது எப்படி ஆறுமெண்டு எனக்குத் தெரியும். அம்மாட சாவே வலிக்காமப் போன ஆள் நான். ஆறினா நான் அந்த வாசல்ல போய் நிக்க மாட்டன் டீச்சர். நான் நிக்காட்டி அவனுக்கு ஆர் நிக்கிற?"

பதினாறு வருடமாக ஒருவரை வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், வந்துவிடுவாரோ என்று நடுங்கிக்கொண்டு வீடு முழுக்கச் சத்தத்தை நிரப்பி வைத்திருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. கையில் வளையல் முழங்கைவரை ஏறியது.

தம்பியைப் பிடித்து நாலு மாதமானபோது, ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணியளவில், முகாமிலிருந்து ஒருவர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். அவ்வளவும் நான் எழுதிய மனுக்கள். இந்தப் பெயர்களில் இங்கே ஒருவரும் இல்லை, இருக்கவும் இல்லை என்று சொல்லி, கட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டுப் போனார். பெண்கள் ஓவென்று குழறினார்கள். ஒருத்தி வேம்பில் தலையை மோதினாள். நான் அவளைப் பிடித்து இழுத்துவிட்டுத் திரும்பினால், மிஸ்ஸி மண்ணில் இருந்தாள்.

அவள் முகம் வேறாக இருந்தது. அந்த நாலு மாதச் சுருக்கம் ஒன்றும் அதில் இல்லை. கைகள் மடியில் விரிந்து கிடந்தன. சுற்றி அத்தனை குழறலுக்கும் நடுவில் அவள், காய்ச்சல் விட்ட பிள்ளை தூங்குவதுபோல இருந்தாள். என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைவிட ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லவேண்டும். எனக்கு அப்போது பொறாமையாக இருந்தது.

எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. திடீரென்று நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு எழுந்தாள். முகாமை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொன்னாள். அந்தக் குழறலில் எனக்குக் கேட்டது ஒரு சொல்தான்.

"போங்க. போங்க."

வாசலில் நின்ற சிப்பாய் தன்னைத்தான் சொல்கிறாளென்று துவக்கைத் தூக்கிவிட்டான். நான் குறுக்கே போய், எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில், உங்களையில்லை, உங்களையில்லை என்று கெஞ்சி அவளை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பாதை நடு வாவிக்கு வந்ததும் சொன்னாள்.

"வந்தவர் டீச்சர். அதே ஆள்தான்."

"ஓம். கண்டன்."

"எல்லாம் ஆறத் தொடங்கிச்சு. தம்பிட முகம் வந்தது. வலிக்காமப் போகப்போகுது எண்டு தெரிஞ்சிது. விடல்ல நான். என்னட்ட வேணாம், அவனட்டப் போங்க எண்டன். உள்ள இருக்கிறான், போங்க எண்டன்."

"போயிட்டாரா?"

"உடனே." அவள் தண்ணீரைப் பார்த்தாள். "ஒரு சொல்லுக்குப் போயிட்டார். இவ்வளவு சொல்லுக் கேக்கிறவர் எண்டு எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் அவள் கொஞ்சம் தேறினாள். ரேடியோ நின்றது. சோறு சாப்பிட்டாள். முகாம் வாசலில் மற்றப் பெண்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். "இப்ப அவன் தனிய இல்ல" என்று அடிக்கடி சொல்வாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் சாப்பிடுவதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது.

அந்த முகாமிலிருந்து ஒருவனை விட்டுவிட்டார்களென்றும், அவன் வாகரையில் இருக்கிறானென்றும் கேள்விப்பட்டதும் இருவரும் புறப்பட்டோம். பஸ்ஸிலும் டிராக்டரிலும் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். கடலோரத்தில் ஓலைக் குடில். அவன் மீன்பிடிகாரன், முப்பது வயது சொல்லலாம். வலது கை விரல்கள் மடங்கவில்லை. தம்பியின் படத்தைக் காட்டியதும் தலையசைத்தான்.

"தெரியும் அக்கா. எங்கட அறையிலதான் இருந்தவர்."

மிஸ்ஸி முதலில் கேட்டது, உயிரோடு இருக்கிறானா என்றல்ல. மனுக்களைத் திருப்பித் தந்த அந்தச் சனிக்கிழமையை நாள் சொல்லி, "அண்டைக்குப் பதினொரு மணிபோல அவன் எப்படி இருந்தவன்? முகம் எப்படி இருந்தது?" என்று கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

"அக்கா, அவர் எங்களோட ஆறு நாள்தான் இருந்தவர். ஏழாம் நாள் பேர் கூப்பிட்டு வாகனத்தில ஏத்தினவங்க. பிறகு கொண்டுவரல்ல."

கடல் இரைந்துகொண்டிருந்தது. அவனுடைய தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். மிஸ்ஸி வாங்கி முழுவதையும் குடித்தாள்.

"அந்த ஆறு நாளும் என்ன கதைச்சவன்?"

"உங்களப் பத்தித்தான். அக்கா வந்து வாசல்ல நிப்பா எண்டு சொல்லுவார்."

திரும்பி வரும்போது டிராக்டர்ப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுதூரம் வந்த பிறகு என் காதருகே குனிந்தாள்.

"அவன் உள்ள இல்லையெண்டா, நான் அனுப்பின ஆள் எங்க போனவர் டீச்சர்?"

அவன் இருக்கிற இடத்துக்குத்தான் போயிருப்பார் என்றேன். ஆறுதலுக்காகத்தான் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்தது.

மறுநாள் விடியலில் அவள் சுவருக்கு முன்னால் இருந்தாள். அதற்கடுத்த நாளும் இருந்தாள். ஒன்றும் வரவில்லையென்று கேட்காமலே எனக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை, சீலையுடுத்துக் குடையை எடுத்துக்கொண்டு பாதைக்குப் புறப்பட்டாள்.

"எங்க மிஸ்ஸி?"

"வாசலுக்கு."

"அவன் அங்க இல்லையெண்டு தெரியும்தானே. இனி ஏன் அவடத்த போறீங்க?"

அவள் படியில் நின்று செருப்பைப் போட்டாள். குரலில் அழுகை இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"தம்பிக்கில்ல டீச்சர். அவரை உள்ளுக்கு அனுப்பினது நான்தானே. சொன்ன ஆளக் காணாம அறையறையாத் தேடித் திரிவார். வெளியில வாறதெண்டா அந்த வாசலாலதான் வரவேணும். வரக்குள்ள ஒராளெண்டாலும் நிக்க வேணாமா?"

அன்றைக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. போகவில்லை. அவளோடு பாதையேறிப் போய் வேம்பின் கீழே நின்றேன். வேறு ஐந்தாறு பெண்கள்தான் வந்திருந்தார்கள். பின்னேரம்வரை வாகனங்கள் போவதும் வருவதுமாக இருந்தன. வாசல் திறந்தபோதெல்லாம் நானும் பார்த்தேன்.